படர்க்கை

தார்த்து பல்கலைக்கழகம், நான்காம் மாடி.
பிற்பகல் மூன்றரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும், மூன்றாம் ஆண்டு.
பன்னிரண்டு பேர், ஈரக் காலுறைகளின் வாடை,
வெந்நீர்க் குழாய்மேல் காயும்
ஒற்றைக் கையுறை.

விரிவுரையாளர் தாம்மே பலகையில் எழுதியது
எஸ்தோனியத்தில் நான்கு வரி. யார் எழுதியதோ.
உறைந்த ஆற்றைக் கடந்து 'தெம' வந்து
மேசைமேல் விளக்கை வைத்து
அடுப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளி
வந்த வழியே திரும்பிப் போய்,
அவ்வளவுதான்.
"ஆங்கிலத்துக்குக் கொண்டுவாருங்கள். இருபது நிமிடம்."

தெம.
அவனுக்கும் அவளுக்கும் அந்த மொழியில் ஒரே சொல்.
(முதல்முறை கேட்டபோது
தேமா புளிமா என்று ஓடியது என் வாய்.
அசை பிரித்த பழக்கம் எங்கே போகும்.)

ஆறு பேர் 'அவன்' என்று எழுதினார்கள்.
பனிக்கட்டிமேல் நடக்கத் துணிச்சல் வேண்டுமே என்றான் கார்ல்.
நான்கு பேர் 'அவள்'.
பிறகு எதற்கு விளக்கு என்றாள் வைகே.
நார்வாவிலிருந்து வந்த ஒலேக்
இரண்டையும் எழுதி நடுவில் ஒரு கோடு கிழித்தான்.
அவன் வீட்டில் பேசுவது ரஷ்யன்:
"எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை,
நேற்று நடந்ததைச் சொன்னால்
வினைச்சொல்லின் வாலைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்."
வகுப்பு சிரித்தது.

லேலோ மட்டும் இடம் விட்டிருந்தாள்.
மற்ற எல்லாச் சொல்லும் ஆங்கிலத்தில் வந்துவிட்டன,
ஆறு, விளக்கு, விறகு, கதவு.
ஆள்தான் வரவில்லை.

வால்காவில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாவுடன்
ஞாயிறுதோறும் ஒரு வருடமாகப் பேசுகிறாள்.
தெமவுக்கு ஜலதோஷம்.
தெம சமைத்த உருளைக்கிழங்கில் உப்பு அதிகம்.
தெமவும் நானும் ஒரே நூலக மேசையில்.
பெயரைச் சொன்னால் தெரிந்துவிடும்; சொன்னதில்லை.
அம்மாவும் கேட்டதில்லை.
பனிக்காலக் கோட்டுக்குள் போல
அந்த ஒரு சொல்லுக்குள்
இருவர் கழுத்துவரை மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு முறை, கையில் ஊசியும் நூலுமாக:
"தெமவின் கை என்ன அளவு?"
"என் கை அளவுதான்."
தொலைபேசியில் கொஞ்ச நேரம்
ஊசிகள் உரசும் சத்தம்.
பிறகு நிறத்தைப் பற்றிப் பேசினார்கள்.

குழாய்மேல் காய்வது அதில் ஒன்று.
அதன் ஜோடி
ஊருக்குள் வேறொரு பையில்.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தவன் பாடும் சுகமில்லை.
வந்தான், வந்தாள்:
நம் வினைமுற்று வாசலிலேயே பெயர் கேட்டு நிற்கிறது.
'அவர்' என்று தப்பிக்கலாம்;
காதலுக்கு அத்தனை மரியாதை ஆகாது.
அதனால்தான் மேலே அந்த நான்கு வரியும்
வந்து, வைத்து, தள்ளி, போய் என்று
எச்சமாகவே கிடக்கின்றன.
முடிக்கத் தெரியாமல் அல்ல.

விடைத்தாள் வியாழக்கிழமை திரும்பி வந்தது.
ஓரத்தில் தாம்மேயின் பென்சில்:
'வெற்றிடத்துக்கு மதிப்பெண் தர இயலாது.
ஆனால் சரியான இடத்தில் விட்டிருக்கிறாய்.'
பன்னிரண்டு பேரில் ஆகக் குறைந்த மதிப்பெண்.

ஞாயிறு மாலை, எமயெகி ஆற்றின் வளைவுப் பாலம்.
கைப்பிடியில் பனி. கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும்
இடையில் செருகியபடி நடக்கிறாள் லேலோ.
பக்கத்தில் இன்னொரு ஜோடிக் காலணி
வழுக்காமல் இருக்க மெல்ல மெல்ல.

கையுறை பொருந்துகிறதா என்கிறாள் அம்மா.
பொருந்துகிறது.
சாப்பாடு ஆயிற்றா, தெமவுக்கு?

ஆயிற்று.